அடிக்கடி உறைந்துபோகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்: ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டர் வேலையின் நடுவே அப்படியே நின்றுவிடுகிறது, இல்லாவிட்டால் சட்டென்று அணைந்து மறுபடி எழுகிறது என்று கடையில் போய்ச் சொன்னால், பல இடங்களில் முதலில் வரும் பதில் "ஃபார்மட் அடிச்சுப் பார்க்கலாம்" என்பதுதான். அதற்கு உடனே தலையாட்ட வேண்டாம். ஃபார்மட் செய்தால் உங்கள் படங்களும் கணக்குகளும் போகும். சூட்டாலோ, ராமாலோ (நினைவகக் குச்சி), எஸ்எம்பிஎஸ்ஸாலோ (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) வந்த கோளாறு போகாது. அடுத்த வாரமே திரும்பி வரும். கோளாறு எந்தப் பாகத்தில் என்று தெரிந்த பிறகுதான் எதையும் அழிக்க வேண்டும், எதையும் வாங்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், அதில் விண்டோஸ் 10 அல்லது 11 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லேப்டாப்புக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், புதிய பெயின்ட் பிரஷ் ஒன்று, வெள்ளை ரப்பர், 8 ஜிபி பென்டிரைவ், ஒரு நோட்டு இருந்தால் போதும். நோட்டை விட்டுவிடாதீர்கள். என்ன மாற்றினோம், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எழுதாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் ராமைக் கழற்றித் துடைத்து, டிரைவரை (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) புதுப்பித்து, வயரையும் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்

டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் நாம் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அதன் மிச்ச ஆயுளைத் தின்னும். அதனால் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடும் நேரத்தில் படங்கள், ஆவணங்கள், டேலி டேட்டா போன்றவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வையுங்கள். முக்கியமானதை முதலில் எடுங்கள், சினிமாப் படங்கள் கடைசியில் போகட்டும்.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

"ஹேங் ஆகுது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

திரை நின்றதும் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். கீபோர்டில் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஒரு புரோகிராமோ, டிஸ்க்கோ, கிராஃபிக்ஸ் டிரைவரோ மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' (B) விசையைத் தட்டுங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒருமுறை மினுங்கி மீண்டு வந்தால் சந்தேகம் கிராஃபிக்ஸ் பக்கம் போகிறது. மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை, சிபியு பெட்டியில் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் டிஸ்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே சத்தம் கிர்ரென்று இழுக்கிறது என்றால் இயந்திரம் முழுவதும் உறைந்துவிட்டது. ராம், சூடு, எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை சந்தேகப் பட்டியலில் வரும்.

மூன்றாவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது. இதிலும் இரண்டு வகை உண்டு. விண்டோஸே ஏதோ தவறைக் கண்டு, நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் செய்வது ஒன்று. (விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது.) விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் அறுந்து எழுவது மற்றொன்று. நீலத் திரை பல நேரம் கண்ணில் படுவதற்குள் போய்விடுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

இவற்றைப் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 'திஸ் பிசி'யில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் செட்டிங்ஸ் பொத்தான். அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும். அதிலுள்ள ஸ்டாப் கோடை (என்ன பிழை என்று சொல்லும் குறியீடு) ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் எதையும் காட்டாமல் ரீஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் மின்சாரம் அல்லது வன்பொருள் பக்கம் பாருங்கள். இந்த நிலையில் ஃபார்மட் செய்வது நேர விரயம்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள்

ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக எது எப்போது நின்றது, எப்போது எந்த அப்டேட் ஏறியது என்று ஒரு வரைபடமாகக் காட்டும். சிவப்புக் குறிகள் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்துதான் தொடங்குகின்றன என்றால், அதற்கு முந்தைய நாள் என்ன நிறுவினீர்கள் என்று பாருங்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். அங்கே 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் 41 என்ற எண் நிச்சயம் இருக்கும். இதைப் பார்த்ததும் பவர் என்ற சொல்லை நம்பிப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுகிறார்கள். அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன முறை கம்ப்யூட்டர் முறைப்படி மூடப்படவில்லை. நீங்களே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலும் இதே 41 வரும். அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக்கோட்' என்ற வரியைப் பாருங்கள். 0 என்று இருந்தால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை. வேறு எண் இருந்தால் விண்டோஸ் ஒரு தவறைப் பிடித்திருக்கிறது.

அதே பட்டியலில் 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்ற பெயர் அடிக்கடி வந்தால் வன்பொருளே பிழையைச் சொல்லியிருக்கிறது என்று பொருள். 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்கள் வந்தால் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பார்க்க வேண்டும்.

ஸ்டாப் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை வந்த ஒரு கோடை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால் பெரும்பாலும் ராம். ஒரே கோடு, ஒரே டிரைவர் கோப்பின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவர்.

கரண்ட், யுபிஎஸ், இன்வெர்ட்டர்

பெட்டியைத் திறக்கும் முன் சுவரிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர் வீடுகளில் கோளாறு பல நேரம் இங்கேயே பிடிபடும். ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதோ போர் மோட்டார் போடும்போதோ ரீஸ்டார்ட் ஆகிறதா என்று வீட்டில் எல்லோரையும் கவனிக்கச் சொல்லுங்கள். மோட்டார் தொடங்கும் கணத்தில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். விளக்கு ஒருமுறை மங்குவதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

யுபிஎஸ் இருந்தால், பாதுகாக்க வேண்டிய அதுவே குற்றவாளியாக இருக்கலாம். அதன் லெட் ஆசிட் பேட்டரி நம் வெயிலில் மூன்று ஆண்டு தாண்டுவதே பெரிய விஷயம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு மேசை விளக்கை யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவர் சுவிட்சை அணையுங்கள். சில விநாடிகளில் விளக்கும் அணைந்தால் பேட்டரி போய்விட்டது. அப்புறம் யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

வீடு முழுவதற்கும் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் முகப்பிலோ பின்புறத்திலோ யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கரண்ட் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தன் உள்ளே தேங்கிய மின்சாரத்தில் ஏறத்தாழ 16 மில்லிவிநாடிதான் தாக்குப்பிடிக்கும். யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் பெரும்பாலும் அதற்குள் மாறிவிடும். நார்மல் மோடில் மாற அதைவிட நேரம் எடுக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். கரண்ட் போகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அந்தச் சுவிட்சைத் தள்ளினாலே வேலை முடிந்தது.

பெட்டியின் பின்பக்க இரும்பைத் தொட்டால் சுரீரென்று இருக்கிறதா? அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. இது கம்ப்யூட்டரைவிட உங்களுக்கு ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பெட்டியைத் திறந்து: தூசியும் சூடும்

பவர் கார்டைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே கை வையுங்கள்.

ப்ராசஸர் மேலுள்ள கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல அடைத்திருக்கும். மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அசுர வேகத்தில் சுற்றினால் அதன் பேரிங் கெடும். வேக்வம் கிளீனர் முனையைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், நிலை மின்சாரம் உண்டாகும். பின்பக்க இடுக்கு வழியே பல்லியும் எறும்பும் உள்ளே போவதும் உண்டு. போர்டின் மேல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்டெல்லோடு வரும் கூலர்கள் பலவற்றில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் மதர்போர்டைப் பிடித்திருக்கும். அவற்றில் ஒன்று கழன்றாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், ப்ராசஸர் கொதிக்கும். நான்கையும் தொட்டு ஆட்டிப் பாருங்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக இருந்தால் பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 வகை போர்டுகளில் கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓட்டி, சூடானதும் அணைத்து, பவர் கார்டைக் கழற்றிவிட்டு, கூலரை மெதுவாக இப்படியும் அப்படியும் திருகி, அப்புறம் தூக்குங்கள்.

மூடிவிட்டு 'எச்டபிள்யூஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி, கனமான வேலையில் 70 முதல் 85 டிகிரி என்றால் நம் ஊர் அறைக்கு அது சரிதான். பெரும்பாலான இன்டெல் ப்ராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசனில் பலவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சூட்டால் அணையும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் அணைந்தபடியே கிடக்கும். அடுத்த நொடியே தானாக எழுந்தால் சூட்டைவிட எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படுவேன். சித்திரை, வைகாசி மதியங்களில் மட்டும் வந்து, மார்கழியில் காணாமல் போகும் கோளாறு என்றால் சூடுதான். கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட மர அறைக்குள் சிபியுவை வைத்திருந்தால் வெளியே எடுங்கள்; தன் சூட்டையே அது திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

ராம்

ராம் குச்சிகளைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் ஓரத்தை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை மறுபடி அழுத்துங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அந்தத் தொடுமுனைகளைச் சீக்கிரம் கறுக்கச் செய்யும், அங்கே இது ஒன்றே பல நேரம் போதும்.

சரியாகவில்லையென்றால் 'மெம்டெஸ்ட்86' என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து (விண்டோஸுக்குப் பதில் பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி), இரவு முழுவதும் ஓட விடுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையும் இருக்கிறது, ஆனால் அது தப்பவிடும் பிழைகள் உண்டு. காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். ராமில் "கொஞ்சம் பரவாயில்லை" என்று ஒன்று கிடையாது. பிழை வந்தால் ஒவ்வொரு குச்சியாக ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். எந்தக் குச்சி போட்டாலும் அந்த ஸ்லாட்டில் பிழை, வேறு ஸ்லாட்டில் இல்லை என்றால் போர்டில் கோளாறு. பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற வேகக் கூட்டல் இயக்கத்தில் இருந்தால், சோதிக்கும் முன் அதை அணைத்துப் பாருங்கள். அதிலேயே பல பேருக்குத் தீர்ந்துவிடுகிறது.

லினக்ஸ் பென்டிரைவ் வைக்கும் தீர்ப்பு

கோளாறு விண்டோஸிலா, வன்பொருளிலா என்ற கேள்விக்கு வீட்டில் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை இதுதான். இன்னொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுன்டுவை இறக்கி, 'ரூஃபஸ்' என்ற மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், எதையும் நிறுவாமலே லினக்ஸ் ஓடும். இன்ஸ்டால் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். யூடியூபில் வீடியோக்களை ஓடவிட்டு, பிரவுசரில் நிறையப் பக்கங்களைத் திறந்து வைத்து, நான்கைந்து மணி நேரம் வேலை வாங்குங்கள்.

அங்கேயும் உறைந்தால் அல்லது ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் மேல் பழியில்லை என்று அனேகமாகச் சொல்லிவிடலாம். உங்கள் டிஸ்க்கை லினக்ஸ் பயன்படுத்தாததால் அதன் மேலும் சந்தேகம் குறைகிறது. மிச்சம் ராம், சூடு, எஸ்எம்பிஎஸ், கிராஃபிக்ஸ், போர்டு. விண்டோஸில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காதது லினக்ஸில் நாள் முழுவதும் ஓடினால் விண்டோஸ், டிரைவர், டிஸ்க் மூன்றில் ஒன்று. கேம் ஆடும்போது மட்டும் வரும் கோளாறு என்றால் லினக்ஸில் வீடியோ ஓட்டுவது போதுமான சுமை ஆகாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

டிஸ்க்

'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலை நிறத்திலேயே தெரியும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. பென்டிங் செக்டார் (படிக்கத் தடுமாறும் இடங்கள்), ரீஅலக்கேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்டவை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கை நம்பக் கூடாது. சிஆர்சி பிழை (தகவல் வழியில் சிதைவது) மட்டும் ஏறினால் டிஸ்க்கை மாற்றும் முன், அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால், கோப்புகளை வெளியே எடுக்கும் முன் அதில் எந்தப் பழுதுநீக்கும் சோதனையையும் ஓட்டாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்

கேம் தொடங்கியதும், வீடியோ எடிட்டிங்கில் எக்ஸ்போர்ட் கொடுத்ததும் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது, வெப்பநிலையோ சரியாக இருக்கிறது என்றால் இதுதான் என் முதல் சந்தேகம். பெட்டியோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று எழுதியிருக்கும். சுமை ஏறும்போது அதைக் கொடுக்க முடியாதவை நிறைய. மல்டிமீட்டர் பழக்கமுள்ளவர்கள் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்கிறதா என்று கறுப்போடு வைத்து அளக்கலாம். கண நேரச் சரிவை மீட்டர் காட்டாது. ஆகவே நண்பரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. பழையதைத் திறந்து பார்க்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

காசில்லாத ஒரு சோதனையும் உண்டு. பெட்டியின் முன்பக்க ரீசெட் பொத்தானிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டு தானாக ரீசெட் அடிப்பது உண்டு. போர்டில் உருளையான கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் போர்டு முடிவை நெருங்கிவிட்டது.

விண்டோஸும் டிரைவரும்

வன்பொருளெல்லாம் தேறிவிட்டால்தான் இங்கே வர வேண்டும். அண்மையில் ஏறிய டிரைவரை டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்யுங்கள் (முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள்), அல்லது சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் கோளாறு தொடங்கும் முன்பிருந்த நாளுக்குப் போங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இவை விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடுவதால் இவற்றில் ஒரு சிறு பிழை முழுக் கம்ப்யூட்டரையும் சாய்க்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் மாட்டிக்கொண்டன.

இன்டெல்லின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தவறாமல் செய்ய வேண்டும். அவற்றில் பலவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைவு வருவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தத்தை பயாஸ் அப்டேட்டாகக் கொடுத்தது, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கெட்ட ப்ராசஸரை அந்த அப்டேட் மீட்காது, வாரன்டியில்தான் மாற்ற வேண்டும். பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால் போர்டே எழாமல் போகலாம் என்பதால், கரண்ட் நம்பிக்கையாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு விண்டோஸ்தான் என்று உறுதியானால், கோப்புகள் வெளியே பத்திரமாக இருக்கின்றன, தாராளமாக ஃபார்மட் செய்யலாம்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். "ஹேங் ஆகுதுண்ணா" என்பதற்குப் பதிலாக, "ஆட்டோ ரீஸ்டார்ட்டை எடுத்த பிறகும் நீலத் திரை வரல, மெம்டெஸ்ட் இரவு முழுக்கச் சுத்தமா ஓடுச்சு, லினக்ஸ்லயும் ரீஸ்டார்ட் ஆகுது, வேற எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாருங்கண்ணா" என்று சொன்னால் பேச்சே மாறிவிடும். பாகங்களின் சீரியல் எண்ணை ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் முன் வாரன்டி பாருங்கள். ப்ராசஸருக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, எஸ்எஸ்டிக்கு மூன்று அல்லது ஐந்து, ராமுக்குப் பல நிறுவனங்கள் அதைவிட நீண்ட காலம் தருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் பக்கத்துத் தெருவில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். புதுப் பாகம் மாட்டிய பிறகு ஒரு வாரம் வழக்கமான வேலையையே செய்து, ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் புதிய சிவப்புக் குறி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பாகத்தைத் திருப்பித் தரக் கடை எத்தனை நாள் அவகாசம் கொடுக்கிறது என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.